காரணம் என்ற கட்டம்

வெல்டருக்கு நெருப்பென்றால் பயமில்லை. மூன்றாம் மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு கிரில் பற்றவைப்பார். ஆனால் அரசாங்க ஆபீஸ் படியை மிதித்தால் போதும், மனுஷன் திரும்பி ஓட வழி பார்ப்பார். ஜன்னலுக்குப் பின்னாலிருந்து யாராவது "என்ன வேணும்?" என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஜன்னல் கம்பி அவர் பட்டறையிலேயே செய்ததாக இருந்தாலும் அப்படித்தான். கல்யாணமான நாளிலிருந்து மின்கட்டணம், வீட்டு வரி, வங்கி, தபால் எல்லாம் மனைவி தலையில்தான்.

ஒரே ஒரு தடவை தனியாகப் போனார், மகள் பிறந்தபோது. மனைவி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். பிறப்பைப் பதிய வேறு நாதியில்லை. வந்த சான்றிதழைப் பார்த்தால், தகப்பன் பெயர் என்ற இடத்திலும் அவர் பெயர், குழந்தையின் பெயர் என்ற இடத்திலும் அவர் பெயர்! "அந்தக் கிளார்க் காதைக் கழட்டி வச்சிட்டு எழுதியிருக்கான், பாவி!" என்று வீட்டில் குதித்தார். எல்லோரும் நம்பினார்கள். திருத்துவதற்கு மறுபடி அங்கே போக வேண்டுமே! இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் மனைவி எப்படியோ பேசிச் சமாளித்தாள். இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது.

இப்போது மகளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். திருத்திய சான்றிதழ் இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவளும் நான்கு முறை பதிவு அலுவலகத்துக்கு நடையாய் நடந்து பார்த்தாள். பதிந்தவரே நேரில் வரவேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் அப்பாவைக் கையோடு இழுத்து வந்துவிட்டாள்.

ஜன்னலுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். மகளைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது. ஒரு படிவத்தைத் தள்ளினார். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம். அலுவலகத் தவறா, பதிந்தவர் தவறா?

"ஆபீஸ் தப்புன்னு போடுங்கப்பா" என்றாள் மகள்.

"போடலாம். ஆனா பழைய பதிவேட்டை எடுத்து விசாரிக்கணும், மூணு மாசமாகும்" என்றார் அம்மாள். "அவர் தப்புன்னா இன்னைக்கே முடிச்சிரலாம்."

மகளுக்கு முகம் சிவந்தது. அப்பாவின் காதருகில் குனிந்தாள். "வேற வழியில்லப்பா. எனக்காக உங்க தப்புன்னே போட்டுருங்க."

வெல்டருக்கு மூச்சு வந்தது. தியாகிப் பட்டம் சும்மா கிடைக்கிறதே, கசக்குமா? டிக் போட்டுவிட்டார்.

அத்தோடு மகள் விட்டிருக்கலாம். ஜன்னலை எட்டிப் பார்த்து, "பாத்தீங்களா மேடம்? உங்க ஆள் செஞ்ச தப்புக்கு எங்கப்பா பழி ஏத்துக்கிறாரு. கொஞ்சமாவது உறுத்துதா உங்களுக்கு?" என்றாள்.

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முத்திரைக் கட்டையைத் தேடிய அம்மாளின் விரல்கள் நடுங்கின. அந்த நடுக்கம் வெல்டருக்குப் புதிதல்ல.

"மேடம்" என்றார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "மேடம், நெஜமாவே என் தப்புதான். பேர் என்னன்னு கேட்டாங்க. பயத்துல எம்பேரைச் சொல்லிட்டேன். அப்பா பேருன்னு கேட்டப்பதான் உறைச்சுது. மாத்திச் சொல்ல வாய் வரல. மறுபடியும் எம்பேரையே சொல்லிட்டேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவருக்குக் காது சுட்டது. மகள் அவரைப் பார்க்கவே இல்லை.

அரை மணி நேரத்தில் சான்றிதழ் கைக்கு வந்தது. அதில் மகளின் பெயர் அச்சுப் பிசகாமல் இருந்தது. அவள் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்கு வந்தாள். அங்கே நின்று அழுதேவிட்டாள்.

"நாலு தடவை வந்து அந்த மேடத்தை என்னெல்லாம் பேசினேன் தெரியுமா? வாங்குற சம்பளத்துக்கு வேலை செய்யுங்கன்னு கத்தினேன்ப்பா! ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை வீட்ல சொல்லியிருக்கக் கூடாதா நீங்க?"

"கூசுச்சும்மா" என்றார் வெல்டர்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று திரும்பி நடந்தாள். கதவு வரைக்கும் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"என்னால முடியலப்பா. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவங்க முன்னாடி போய் நிப்பேன்? பயமா இருக்கு."

வேலை முடிந்துவிட்டது. வெல்டர் பேசாமல் வீட்டைப் பார்க்கப் போயிருக்கலாம். அவர் அவளைத் தாண்டி உள்ளே போனார். வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டு, தனக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்க இடம் விட்டார்.

"வா, பதினோரு பேர்தான் இருக்காங்க. முதல்ல நான் பேசுறேன்."