எட்டுக் கிலோ

சிலம்பரசன் தன் மகளுக்குச் சோறு ஊட்டுவது ரோட்டில்தான். நெய்வேலி குவார்ட்டர்ஸில் கூடம் இருக்கிறது, பின்கட்டு இருக்கிறது, வாசலில் மாமரத்து நிழலும் இருக்கிறது. அங்கெல்லாம் செவ்வந்தி வாயைத் திறக்க மாட்டாள். முதல் ஷிப்டு முடிந்து வந்து குளித்த கையோடு அவளை பைக்கின் முன்னால் உட்கார வைத்து, பருப்புச்சோற்றுத் தூக்குவாளியை ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, இரட்டைச் சாலை ரவுண்டானாவுக்குப் போய்விடுவான். ஜெனரல் ஷிப்டு விட்டு வருகிற பஸ்கள் எல்லாம் அங்கேதான் திரும்பும். பெரிய பஸ் ஒன்று ஒருபக்கமாகச் சாய்ந்துகொண்டு வட்டமடிக்கும்போது அவளுக்குத் தன்னை அறியாமல் வாய் பிளக்கும். அந்தச் சமயத்தில் ஸ்பூன் உள்ளே போய் வந்துவிட வேண்டும். முந்தினால் ஸ்பூன் உதட்டில் பட்டு வாய் மூடிக்கொள்ளும். பிந்தினால் பஸ் போய்விடும்.

பஸ்ஸில் இருக்கிறவர்களுக்கெல்லாம் இந்தக் காட்சி பழகிவிட்டது. சுரங்கத்துக் கன்வேயர் பெல்ட்டில் ஜெனரல் ஷிப்டு பார்க்கும் அவன் சிநேகிதன் நெடுமாறன், ஜன்னல் சீட்டு கிடைத்தால் தலையை வெளியே நீட்டிக் கத்துவான்.

"டேய் சிலம்பு! ரோட்டுலயே மெஸ் தொறந்துட்டியா? எனக்கு ஒரு பார்சல் கட்டுடா!"

"உனக்குத்தான் வாய் மூடவே மூடாதே, உனக்கு எதுக்குடா ஊட்டணும்?"

பஸ்ஸே சிரிக்கும். அந்தச் சிரிப்பில் செவ்வந்தி இன்னும் கொஞ்சம் வாயைத் திறப்பாள். ஒரு வாய் லாபம்.

அவளுக்கு இரண்டரை வயது. பார்க்கிறவர்கள் "ஒரு வயசு ஆச்சா?" என்று கேட்பார்கள். முதலில் எல்லாம் சிலம்பரசன் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது "ஆச்சுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறான்.

ஆறாம் மாதம் முடியும்போதே பிறந்துவிட்டவள். அம்மா சத்யப்பிரியாவுக்கு வளைகாப்புக்குக்கூட நாள் குறிக்கவில்லை. ஒரு மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளை ஆம்புலன்ஸில் போட்டுப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். பிறந்த குழந்தை, உரித்த தேங்காய் ஒன்றைவிடக் கொஞ்சம்தான் எடை கூட. மூன்று மாதத்துக்கு மேல் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். பெட்டியை விட்டு வெளியே வந்த பிறகும் அவளுக்கு உறிஞ்சவும் தெரியவில்லை, விழுங்கவும் தெரியவில்லை. மூக்கு வழியாக வயிறுவரை மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, அதில் பாலை ஊற்றித்தான் வளர்த்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது குழாயோடுதான் அனுப்பினார்கள். குழாயை அளந்து, மூக்கில் விட்டு, கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டி, பாலை ஊற்ற நர்சுகள் சத்யாவுக்குத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். குழந்தை கையைக் காலை உதறும். சத்யா பல்லைக் கடித்துக்கொண்டு செய்வாள். சிலம்பரசன் அந்த நேரத்தில் தண்ணீர் மோட்டாரைப் பார்க்கிற மாதிரி தோட்டத்துப் பக்கம் போய்விடுவான். அவனால் பார்க்க முடியாது.

குழாயை எடுத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் செவ்வந்திக்கு அம்மாவின் கை முகத்துக்குப் பக்கத்தில் வந்தாலே போதும், உதட்டை இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்பிவிடுவாள். அம்மாவின் இடுப்பில் இருப்பாள், அம்மாவின் மேல்தான் தூங்குவாள். சாப்பாடு மட்டும் அவள் கையால் ஒரு பருக்கை இறங்காது. அப்பாவின் கை எந்தக் குழாயையும் தொட்டதில்லை, அதனால் அதற்கு இடம் கொடுக்கிறாள். பயந்துகொண்டு தோட்டத்தில் போய் நின்றவனுக்கு இப்படி ஒரு மரியாதை. இதை நினைத்தால் சிலம்பரசனுக்குக் கூச்சமாக இருக்கும். சத்யாவிடம் இதைப் பற்றி அவன் பேசியதில்லை.

இதில் இன்னொரு சங்கடம். ஷிப்டு வாரத்துக்கு வாரம் மாறும். முதல் ஷிப்டு வாரத்தில் மாலை அவனுக்கு ஓய்வு, மகள் நாலு வாய் சாப்பிடுவாள். இரண்டாம் ஷிப்டு வாரத்தில் அவன் வீட்டில் இருக்கிற காலை நேரத்தில் ரவுண்டானாவில் பஸ் திரும்பாது, மத்தியானமே சுரங்கத்துக்குப் போய்விடுவான். சத்யா அவளைத் தூக்கிக்கொண்டு அதே ரவுண்டானாவுக்கு நடந்து போவாள். பஸ் திரும்பும், குழந்தை பார்க்கும், வாய் திறக்காது. தூக்கத்தில் சங்கில் ஊற்றுகிற பால்தான் மிச்சம். முதல் வாரத்தில் ஏறிய எடை இரண்டாம் வாரத்தில் இறங்கிவிடும். எனக்கு ஒரே ஷிப்டாகப் போடுங்கள் என்று அவன் அதிகாரியிடம் கேட்டுப் பார்த்தான். அவர் நல்ல மனிதர். "ஆளே இல்லையேப்பா சிலம்பரசா, நான் இன்னா பண்ணட்டும்?" என்றார். உண்மையாகவே ஆள் இல்லை.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சங்கீதாவிடம் யோசனைக்குப் பஞ்சம் கிடையாது.

"மூக்கப் புடிச்சிகினு ஒரு வாய் திணி சத்யா, தானா முழுங்கும். எம் பையனுக்கு அப்படித்தான் பண்ணேன்."

"அதான்க்கா அவன் இப்ப வூட்டையே முழுங்குறான்" என்பாள் சத்யா. சங்கீதா போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள்.

புதுச்சேரி டாக்டர் போன முறையே தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அடுத்த முறை வரும்போது எட்டுக் கிலோவாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் வயிற்றில் சின்னதாகத் துளை போட்டு, நேராக இரைப்பைக்கே குழாய் வைத்துவிடலாம். உடம்பு தேறினால்தான் மூளையும் வளரும், காலும் ஊன்றும். இப்படியே விட்டால் ஒரு சளிக்குக்கூட இவள் தாங்க மாட்டாள். நிரந்தரமில்லை, சாப்பிடப் பழகியதும் எடுத்துவிடலாம். அவர் சொன்னது எல்லாமே சிலம்பரசனுக்குப் புரிந்தது. சத்யாவுக்கும் புரிந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அவள் குழந்தையின் கையை விரலால் அளந்துகொண்டே வந்தாள். வீடு நெருங்கி, வடக்குத்து தாண்டும்போதுதான் வாய் திறந்தாள்.

"எட்டுக் கிலோ ஆயிடுவா. பாருங்க."

ஆகவில்லை. அந்த மூன்று மாதத்தில் பாதி நாள் இரண்டாம் ஷிப்டு. நடுவில் ஒரு வாந்திபேதி. சங்கீதா வீட்டு எடைமெஷினில் சத்யா தான் மட்டும் ஒரு முறையும் குழந்தையோடு ஒரு முறையும் ஏறி ஏறிப் பார்ப்பாள். எட்டைத் தொடவே இல்லை.

புதுச்சேரிக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது காதுகுத்து வந்தது. உடம்பு சரியில்லை, உடம்பு சரியில்லை என்று தள்ளிப்போட்டதை, தாய்மாமன் அருண்குமார் இனிமேல் பொறுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நடத்தினான். காடாம்புலியூரில் முந்திரி வியாபாரம் செய்கிறவன், கை தாராளம். வில்லுடையான்பட்டு முருகன் கோயிலில் மடியில் உட்காரவைத்து மொட்டையும் போட்டு, காதும் குத்தினான். அதோடு அரைஞாண், கொலுசு, காப்பு என்று வெள்ளியைக் கொண்டுவந்து பூட்டினான்.

"எம்மாம் கனம்டா!" என்றான் சிலம்பரசன்.

"கால் கிலோவுக்கு மேல மாமா. கடைக்காரனே கேட்டான், கொழந்தைக்கா இல்ல கோயில் யானைக்கான்னு."

எல்லோரும் சிரித்தார்கள். மெலிந்த காலில் கொலுசு வளையமாய்த் தொங்கியது.

செவ்வாய்க்கிழமை சிலம்பரசன் லீவு போட்டான். பஸ் காற்று ஆகாது என்று சத்யா எப்போதும் போல் குழந்தைக்கு முழுக்கை சட்டையும் காலுறையும் மாட்டினாள். நெல்லிக்குப்பம் தாண்டும்வரை செவ்வந்தி தூங்கினாள். ஆஸ்பத்திரியில் எடை பார்க்கிற இடத்தில் கூட்டம். நர்சு வழக்கம்போலத் துணியைக் கழற்றச் சொன்னாள். சத்யா சட்டையைத் தூக்கினாள். துணி காதில் உரசியது, குழந்தை வீறிட்டாள்.

"காது குத்தி ரெண்டு நாள்தான் ஆவுதுங்க. புண்ணா இருக்கு."

"சரிம்மா, ஜட்டி மட்டும் கழட்டிட்டு அப்படியே வைங்க."

அரைஞாணை நர்சு பார்த்தாள். அரைஞாண் இல்லாத குழந்தை அங்கே எது? கொலுசு காலுறைக்குள் இருந்தது, காப்பு சட்டைக் கைக்குள் இருந்தது. குழந்தையைத் தட்டில் வைத்தவன் சிலம்பரசன். வைக்கும்போதே அவன் கையில் கனம் தெரிந்தது. சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. எண்கள் மேலும் கீழும் ஆடி, எட்டுக்கு மேல் ஒரு துளி தாண்டி நின்றன. சத்யாவின் முகத்தைப் பார்த்தான். அவள் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லையே! தொட்டுட்டாளே" என்றார் டாக்டர். "சரி, குழாய் இப்ப வேணாம். இன்னும் மூணு மாசம் பாக்கலாம். இதே மாதிரி குடுங்க."

அன்று மாலைக்குள் வீதி முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த நாள் பன்னிரண்டு மணி சுமாருக்குச் சங்கீதா ஒரு கிண்ணம் கேசரியோடு வந்தாள். சத்யா அதில் பாதியை நின்றபடியே சாப்பிட்டாள். அவள் பசித்துச் சாப்பிட்டுப் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. சங்கீதா போகிறவரை சிலம்பரசன் செருப்பைத் துடைக்கிற மாதிரி வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு உள்ளே வந்தான்.

"சத்யா, நேத்து எடை பாக்கறப்ப..."

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"கொலுசு கழட்டல. காப்பு கழட்டல. தெரியும்." அவள் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே பேசினாள். "உங்களுக்கும் தெரியுமில்ல? நீங்கதான வெச்சீங்க? ஏன் வாயத் தொறக்கல?"

அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

"போன் பண்ணிச் சொல்லிடலாம் சத்யா."

"சொல்லுங்க. சொல்லிட்டு, வயித்துல ஓட்டை போட்டு அனுப்பனதும் யாரு அதுல ஊத்தறது? நீங்க ஊத்துவீங்களா? நீங்க பெல்ட்டுல நிப்பீங்க. நான்தான் ஊத்தணும். மறுபடியும் குழாய் புடிச்சிகினு அவ எதிர்ல நான்தான் நிக்கணும்." கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். "மூக்குல வுட்டதுக்கே இன்னும் எங்கையப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்கிறா. இனிமே ஜென்மத்துக்கும் எங்கையால தின்ன மாட்டா. மூணு மாசம் குடுத்திருக்காங்க இல்ல? அதுக்குள்ள தின்னுடுவா. வுடுங்க."

அவன் விட்டுவிட்டான். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. டாக்டர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எந்த நியாயத்தின் பக்கமும் நிற்க முடியாமல் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஷிப்டு பஸ்ஸுக்குப் போனான்.

அந்த வாரம் இரண்டாம் ஷிப்டு. காதுப்புண் ஆறவில்லை. வாயை அசைத்தால் காது வலிக்கும் போலிருக்கிறது, பஸ்ஸுக்கும் மயங்கவில்லை, பாலுக்கும் மயங்கவில்லை. அடுத்த வாரம் முதல் ஷிப்டு வந்தும் பழைய நாலு வாய் இரண்டு வாய் ஆனது. வந்த இரண்டையும் இருமிக் கக்கிவிட்டாள். நெடுமாறனும் கத்துவதை நிறுத்திவிட்டான். ஜன்னல் வழியாகக் கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான்.

மறுபடியும் இரண்டாம் ஷிப்டு வாரம். ஒரு நாள் உச்சிவேளையில் குழந்தையைக் குளிப்பாட்டித் துடைக்கும்போது சிலம்பரசன் அரைஞாணின் கொக்கியைப் பார்த்தான். அருண்குமார் போட்ட கண்ணியில் அது இல்லை. இரண்டு கண்ணி தள்ளி மாட்டியிருந்தது. மிச்சச் சங்கிலி வாலாகத் தொங்கியது.

"இத யாரு மாத்தனது?"

சத்யா அடுப்படியிலிருந்து வரவில்லை.

அவன் குழந்தைக்குச் சட்டையை மாட்டித் தரையில் உட்காரவைத்தான். அடுப்படி வாசலில் போய் நின்றான். அவள் திரும்பாமலே சொன்னாள்:

"மொத வாரம் ஒண்ணு. நேத்து ஒண்ணு. கழண்டு கால்ல வுழுந்துடுச்சிங்க. நான் இன்னா பண்றது?"

ஆஸ்பத்திரி எண்ணுக்கு அவன் அங்கேயே நின்று போன் போட்டான். யார் யாரோ எடுத்து, யார் யாரிடமோ கொடுத்து, கடைசியில் டாக்டர் வந்தார்.

"சார், நெய்வேலி, செவ்வந்தி அப்பா பேசறேன். அன்னைக்கு எடை பாத்தமில்லிங்களா, அப்ப வெள்ளி போட்டிருந்திச்சு சார். கொலுசு, காப்பு எல்லாம்."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"எவ்வளவு இருக்கும்?"

"கால் கிலோவுக்கு மேல சார்."

"அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் சார்."

"உங்க வீட்டுக்காரம்மாவுக்கு?"

"அவங்களுக்குத் தெரியாது சார். நான்தான் வெச்சேன்."

சத்யா திரும்பி அவனைப் பார்த்தாள். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. இப்போது எப்படி இருக்கிறாள், சிறுநீர் போகிறாளா, இருமல் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு செய்ய வேண்டியதை மெதுவாகச் சொன்னார். சிலம்பரசன் "சரிங்க சார், சரிங்க சார்" என்று கேட்டுக்கொண்டு போனை வைத்தான்.

"இன்னா சொன்னாரு?"

"திங்கக்கெழம கூட்டிகினு வரச் சொல்றாரு. ரத்தம் கித்தம் பாத்துட்டு அன்னைக்கே வெச்சிடலாமாம்."

அவள் தலையை ஆட்டினாள். முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள்.

"வேற?"

"மயக்க மருந்து குடுக்கணுமாம். அதனால..." அவனுக்கு அதைச் சொல்ல ஒரு மாதிரியாக இருந்தது. "அன்னைக்கு விடியக்காலையிலேர்ந்து இவளுக்கு ஒண்ணும் குடுக்கக் கூடாதாம். வெறும் வயித்தோட கூட்டிகினு வரணுமாம்."

சத்யா அவனையே பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கில் வந்த சிரிப்பு, அப்புறம் அடக்க முடியாமல் தோள் குலுங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இவளையா?" என்றாள். "குடுக்கக் கூடாதாமா? இவளுக்கா?"

சிரித்துக்கொண்டே இருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவள் துடைக்கவில்லை. கூடத்திலிருந்த செவ்வந்தி அம்மாவின் சத்தத்தைக் கேட்டு, கையை ஊன்றித் தவழ்ந்து வந்து, அவள் மடியில் ஏறிக்கொண்டாள். சிலம்பரசன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஷிப்டு பஸ் வரும் நேரம் ஆகிவிட்டிருந்தது. போவதா, உட்காருவதா என்று அவனுக்குத் தெரியவில்லை.