அக்காவின் பாதிக் கட்டணமும் நான் திருப்பி அனுப்பிய கையும்

உறவினர்களுக்கும் அக்காவிடம் சிகிச்சை பெற்ற அன்பர்களுக்கும் என் வணக்கம். அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் மற்றவர்கள் அவரைப் பற்றி எழுதியிருப்பதெல்லாம் உண்மை. நான் எழுதுவதும் உண்மைதான், ஆனால் படிக்க நன்றாக இருக்காது. அச்சுக்குக் கொடுக்கும் முன் அக்காவின் கணவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "ஒரு வரியும் எடுக்க வேணாம்" என்றார் மாமா.

அக்கா பொழிச்சலூரில் பிறந்தார். அப்பா பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கர். அக்கா பிளஸ் டூ படிக்கும்போது அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷனுக்கே கையிருப்பு போய்விட்டது. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்டை ஒரே வாரத்தில் நிறுத்தினோம். கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி அப்பா கேட்டபோது அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அம்மா கடைசிவரை ஒரு காலை இழுத்தபடிதான் நடந்தார். அக்கா பிசியோதெரபி படிப்பில் சேர்ந்ததற்கு வேறு காரணம் எதையும் சொன்னதில்லை.

தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, பெருங்களத்தூரில் ஓர் அபார்ட்மெண்டின் தரைத்தளத்தில் சொந்தமாகக் கிளினிக் தொடங்கினார். இரண்டு கட்டில்கள், சுவரில் கயிறும் கப்பியும், முன்னால் ஒரு மேசை, ஆறு நாற்காலிகள். கழுத்து வலியோடு வரும் ஐ.டி. ஊழியர்கள் முழுக் கட்டணம் கொடுத்தார்கள். முடியாதவர்கள் பாதியோ காலோ கொடுத்தார்கள். எல்லோருக்கும் அதே கட்டில், அதே நேரம்.

அக்கா மென்மையானவர் என்று இந்த மலரில் சிலர் எழுதியிருக்கிறார்கள். வேலையில் அவர் மென்மையானவர் இல்லை. வலியில் யாராவது அழுதால், "அழுதுக்கோங்க, கையை மட்டும் இறுக்காதீங்க" என்பார். மடக்குவதை நிறுத்த மாட்டார்.

என் நாற்பத்து மூன்றாவது வயதில் எனக்குத் தொழிற்சாலை வேலை போயிற்று. அக்கா என்னைக் கிளினிக்கின் முன்மேசையில் உட்காரவைத்தார். "எவ்ளோ முடியும்னு ஒரு தடவை கேளு. சொல்றத வாங்கிக்கோ. அதுக்கு மேல ஒரு கேள்வியும் வேணாம்" என்றார். ஒரு மாதம் அப்படித்தான் செய்தேன். பிறகு, பாதி கேட்பவர்களின் காதுத் தோட்டைப் பார்த்தேன். அவர்கள் வந்த வண்டியைப் பார்த்தேன். ரேஷன் கார்டு கேட்டேன், எங்கே வேலை, என்ன சம்பளம் என்று கேட்டேன். அக்காவின் நன்மைக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டேன். அது பொய். பல இடங்களில் வேலை கேட்டு நின்றவன் நான். இன்னொருவர் என் முன்னால் நின்று பதில் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு மாலை ஒரு பெண் வந்தார். மறைமலை நகரில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. பிரஸ் மெஷினில் வலது கை விரல்கள் நசுங்கி, ஆபரேஷன் முடிந்து, எலும்பில் செருகியிருந்த கம்பியை அப்போதுதான் எடுத்திருந்தார்கள்.

"டெய்லி எக்சர்சைஸ் பண்ணணும்னு டாக்டர் சொல்லிகிறாரு சார். முழுசா குடுக்க முடியாது. இங்க பாதி வாங்கிப்பாங்கன்னாங்க."

"ரேஷன் கார்டு இருக்கா?"

"எடுத்துகினு வர்ல சார்."

அவருடைய இடது கையில் புது போன் ஒன்று இருந்தது. "இவ்ளோ பெரிய போன் வாங்க முடியுது, கைக்குக் குடுக்க முடியலையா?" என்று கேட்டேன். ஆறு நாற்காலியிலும் ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் பெண் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அக்கா உள்ளே ஒரு பெரியவரின் முட்டியை மடக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது.

அந்த போன் யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருடையதாகவே இருந்தால்தான் என்ன?

நான்கு மாதம் கழித்து, பெருங்களத்தூர் ஸ்டேஷன் டிக்கெட் வரிசையில் அக்கா ஒரு கையைப் பார்த்தார். விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிச் சுருண்டிருந்தன. ஏன் யாரிடமும் காட்டவில்லை என்று கேட்டிருக்கிறார். "பெருங்களத்தூர்ல பாதி வாங்கிப்பாங்கன்னு ஒரு கிளினிக்குக்கு வந்தேன் மேடம், அனுப்பிட்டாங்க" என்று பதில் வந்திருக்கிறது.

அந்தப் பெண்ணை ஆட்டோவில் நேராகக் கிளினிக்குக்குக் கூட்டிவந்தார். என்னை உள்ளே கூப்பிட்டு, என் கட்டைவிரலை அந்த நடுவிரலுக்கு அடியில் வைத்தார்.

"நிமித்து."

"அக்கா, வலிக்கும்..."

"நிமித்துடா."

அழுத்தினேன். மரத்துண்டு மாதிரி இருந்தது. "நாலு மாசத்துக்கு முன்னாடி இது நிமிர்ந்திருக்கும்" என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண், "வுடுங்க மேடம். அவருக்குப் பாடம் சொல்றீங்க, எனக்குல்ல வலிக்குது" என்றார்.

அக்கா சட்டென்று என் கையை விலக்கிவிட்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அக்கா அப்படிக் குன்றிப்போய் நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஐந்து மாதம் தினமும் சிகிச்சை செய்தார். ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு டம்ளரைப் பிடிக்கும் அளவுக்கு வந்தன. மற்ற மூன்றும் வரவில்லை. கம்பெனி அதற்குள் அவரை நிறுத்திவிட்டது. அக்கா என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் மேசையில் உட்காரவும் விடவில்லை. துண்டுகளைத் துவைத்து, தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா என்னிடம் வேலைப் பேச்சு தவிர வேறெதுவும் பேசவில்லை.

அந்த வருடமே அக்காவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. கண்டுபிடித்தபோதே முற்றியிருந்தது. மருத்துவமனையில் ஒரு மதியம், நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, என்னை மன்னித்துவிடும்படி கேட்டேன். அக்கா தன் வலது கையை என் முன்னால் நீட்டினார்.

"என்கிட்ட எதுக்குடா கேக்கற? என் கை நல்லாத்தானே இருக்கு."

இரண்டு நாளில் நினைவு தப்பியது. பிறகு அவர் என்னிடம் எதுவும் பேசவில்லை.

அக்காவைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த அபார்ட்மெண்ட் குடும்பங்களுக்கும், கேட்காமலே ரத்தம் கொடுக்க வந்து நின்ற மறைமலை நகர்த் தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தத் தொழிலாளர்களில் இரண்டு பேரிடம் நான் ரேஷன் கார்டு கேட்டிருக்கிறேன்.

இதை எழுத அனுமதி கேட்டுச் சென்ற மாதம் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்டேன்.

"கேட்டுட்ட இல்ல, கெளம்பு" என்றார்.

தெருமுனைவரை வந்த பிறகு பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"மேடத்தப் பத்தி நல்லா எழுது. எம் பேரு வேணாம். ஓம் பேர மட்டும் முழுசா போடு."

சு. முரளிதரன்,
அக்காவின் தம்பி.