தொடையில் தட்டினால் பெங்களூரில் மணி அடிக்கும்

என் வலது மணிக்கட்டுக்கு என்று ஒரு வரலாறு உண்டு. ஆமாம், வலதுதான். ஊரே இடது கையில் வாட்ச் கட்டும்போது நானும் அதையே செய்தால் எனக்கு என்ன மரியாதை? என் மனைவி இதை வரலாறு என்று ஒப்புக்கொள்ள மாட்டாள். "பைத்தியம் முத்தின கதை" என்பாள்.

மற்றவர்கள் மணி பார்க்க வாட்ச் கட்டுகிறார்கள். எனக்கு மணி இரண்டாம் பட்சம். நான் கட்டுவது மயிலாப்பூரில் வேறு எவன் கையிலும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். வேலையில் சேர்ந்ததும் முதலில் வாங்கியது ஆட்டோமேட்டிக். சாவி கொடுக்க வேண்டாம். கை ஆடினால் போதும், உள்ளே ஒரு அரைவட்டத் தகடு சுழன்று தானே முறுக்கிக்கொள்ளும். நானோ கச்சேரியில் தொடை சிவக்கச் சிவக்கத் தாளம் போடுகிறவன். சாதாரணமாகத் தட்டுவதில்லை. மேடையில் மிருதங்கக்காரர் இருக்கிறாரோ இல்லையோ, என்னை நம்பியே பாடகர் பாடுகிறார் என்ற பொறுப்போடு தட்டுவேன். அந்த வாட்ச் என் கையில் ஒரு நாளும் நின்றதில்லை.

அடுத்து வந்தது பாடுகிற வாட்ச். அதற்கு டிக் டிக் கிடையாது. பள்ளிக்கூடத்தில் பௌதிக வாத்தியார் தட்டிக் காட்டுவாரே இசைக்கவை, அதன் குட்டி ஒன்று உள்ளே உட்கார்ந்து "ம்ம்ம்" என்று ரீங்காரம் செய்துகொண்டே இருக்கும். பர்மா பஜாரில் பழையதாக வாங்கினேன். நாலரைக் கட்டைக்கு ஒரு நூல் இறக்கம் அதன் சுருதி. மேடையில் ஒருவர் ஒரு கட்டை சுருதியில் உருகி உருகி ஆலாபனை செய்துகொண்டிருந்தபோது, பக்கத்து சீட்டுக்காரர் என் பக்கம் குனிந்து, "சார், உங்க கை அபஸ்வரமா இருக்கே" என்றார். அன்றிலிருந்து அதைக் கச்சேரிக்குக் கட்டுவதில்லை.

பிறகு கறுப்புக் கண்ணாடி வாட்ச். அந்தக் காலத்தில் அதுதான் அதிசயம். பார்த்தால் ஒன்றுமே தெரியாது. பட்டனை அமுக்கினால் சிவப்பாக எண்கள் எரியும், விட்டால் அணையும். விஷயம் என்னவென்றால், அமுக்குவதற்கு இன்னொரு கை வேண்டும். தண்ணீர்த்துறை மார்க்கெட்டிலிருந்து இரண்டு கையிலும் பையோடு வரும்போது யாராவது மணி கேட்டால், கத்தரிக்காயை நடுத்தெருவில் இறக்கி வைத்துவிட்டுத்தான் சொல்ல முடியும். இறக்கி வைத்துச் சொன்னேன். பெருமையாகவே சொன்னேன். கூட வந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

இப்படி ராஜா மாதிரி இருந்த மணிக்கட்டுக்குப் போன வருஷம் சோதனை வந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன். பெரிதாக ஒன்றுமில்லை, நெற்றியில் இரண்டு தையல். ஆனால் பெங்களூரிலிருந்து எங்கள் ஒரே பெண் ஓடி வந்தாள். வந்தவள் கையில் புது வாட்ச்.

"அப்பா, இதைக் கட்டிண்டா, நீங்க விழுந்தேள்னா இதுக்குத் தெரியும். கையைக் குலுக்கிக் கேக்கும். 'நன்னா இருக்கேன்'னு ஒரு பட்டன் வரும். அதை அமுக்கிட்டா சரி. அமுக்கலைன்னா எனக்கு போன் வந்துடும்."

"நான் விழுந்தா எனக்கே தெரியுமேடி. வாட்ச் வேற சொல்லணுமா?"

"கட்டிக்கோங்கோ. இன்னொரு தடவை விழுந்தேள்னா பேச்சே கிடையாது, ரெண்டு பேரும் பெங்களூருக்கு வந்துடணும்."

பெங்களூர் என்றால் அவளுடைய ஃபிளாட். தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் உயரத்தில் இருக்கிறது. காபிப் பொடி வாங்கக் கீழே போனால்கூட, திரும்பி வரும்போது வாசலில் இருக்கும் செக்யூரிட்டி நான் யார் என்று மேலே போன் போட்டு விசாரிப்பான். அங்கே போனால் சபா ஏது, குளம் ஏது, நாலு பேரோடு சண்டை போட மாடவீதி ஏது? இனிமேல் செத்தாலும் விழுவதில்லை என்று முடிவு செய்து வாட்சைக் கட்டிக்கொண்டேன்.

ஆனால் எனக்கு வாய்த்த வாட்சுக்கு விழுவதற்கும் தாளத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதைச் செய்த புண்ணியவான்களின் ஊரில் எவனும் தன் தொடையைத் தானே இப்படி அடித்துக்கொள்வதில்லை போலிருக்கிறது.

முதல் கச்சேரியிலேயே கூத்து. மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனம் உச்சத்தில் இருக்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு சாத்துகிறேன். கை குலுங்கியது எனக்குத் தெரியவில்லை. சட்டைப் பையில் போனும் சத்தமில்லாமல் துடித்து ஓய்ந்திருக்கிறது. பெண் அலறியடித்து அம்மாவுக்குப் போன் செய்ய, அவள் எங்கள் தெருமுனை ஆட்டோக்காரரை சபாவுக்கு விரட்டியிருக்கிறாள். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர், அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்.

"எங்க சார் வுயிந்த?"

நான் கண்ணைத் திறந்தேன். சபையே என்னைப் பார்த்தது.

"இன்னா சார், நல்லாத்தான் குந்தினுகீற! அம்மா அங்க அய்வுது, நீ இங்க தொடைய தட்டிக்கினு கீற!"

மிருதங்கக்காரர் மட்டும் நிறுத்தவில்லை. அவருக்கு என் நமஸ்காரம்.

அடுத்த கச்சேரியிலும் வாட்ச் அலறியது. இந்த முறை பெண் முதலில் என்னையே கூப்பிட்டாள். வெளியே வந்து எடுத்தேன்.

"என்னப்பா, விழுந்தேளா, தாளமா?"

"தாளம்தான்."

"யார் பாட்டு? மெயின் ராகம் என்ன?"

சொன்னேன். அவளும் சின்ன வயதில் பாட்டுக் கற்றுக்கொண்டவள். வேலை, கல்யாணம், குழந்தை என்று எல்லாம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் வரும். சாப்பிட்டேளா, மாத்திரை போட்டுண்டேளா, வெச்சுடறேன், அவ்வளவுதான். இப்போது கச்சேரிக்குக் கச்சேரி சபா கேன்டீனில் கீரை வடையோடு நின்று பேசினோம். பாடினவர் எங்கே சறுக்கினார் என்று நான் சொல்வேன், அவள் சிரிப்பாள். தனி ஆவர்த்தனத்தின் போது எழுந்து வெளியே போகிறவனை நான் மனிதனாகவே மதித்ததில்லை. நானே எழுந்து போனேன்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் பாண்டி பஜார் வந்து சேர்ந்தது. தி.நகரில் ஒரு கச்சேரி. நேரம் இருந்ததால் பாண்டி பஜாரில் நடந்தேன். ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் முள்ளே இல்லாத வாட்ச் ஒன்று. முள்ளுக்குப் பதில் இரண்டு குட்டிக் குண்டுகள், நடுவில் ஒன்றும் ஓரத்தில் ஒன்றுமாகப் பள்ளத்தில் ஓடி மணி காட்டும். கண் தெரியாதவர்கள் விரலால் தடவியே மணி அறிந்துகொள்ளலாம் என்று எழுதி வைத்திருந்தார்கள். அடடா! கச்சேரி இழுத்துக்கொண்டே போனால், பாடகர் மனம் நோகாமல் ரகசியமாக மணி பார்க்கலாமே! கண்ணாடியில் வெளிச்சம் அடித்தது. சரியாகப் பார்க்க ஒரு அடி பின்னால் வைத்தேன். இன்னொரு அடி வைத்தேன். அங்கே நடைபாதை முடிந்திருந்தது.

பொத்தென்று விழுந்தேன். முழங்கால் கிழிந்தது. இடது உள்ளங்கை எரிந்தது. வாட்ச் கையைக் குலுக்கியது, இந்த முறை நியாயமாக. அமுக்கத் தேடுவதற்குள் போன் வந்துவிட்டது.

"என்னப்பா, இன்னிக்கு என்ன தாளம்?"

எனக்குக் கண் முன்னால் பெங்களூர் வந்து நின்றது. அந்த செக்யூரிட்டி வந்து நின்றான்.

"மிஸ்ர சாபு" என்றேன், ரோட்டில் உட்கார்ந்தபடியே.

பக்கத்தில் ஹேர் கிளிப் விற்கும் அம்மாள் ஓடி வந்தாள். "ஐயய்யோ, முட்டியில ரத்தம் வருது பாரு! எய்ந்துரு நைனா, பஸ் வருது!"

"யாருப்பா அது?"

"பின்பாட்டு" என்றேன்.

"சரிப்பா, ரசிங்கோ" என்று வைத்துவிட்டாள்.

கச்சேரியாவது ஒன்றாவது, நேரே வீட்டுக்கு வந்தேன். மனைவி முழங்காலைப் பார்த்துவிட்டு வாயில் வந்தபடி திட்டினாள். திட்டி முடித்துவிட்டு, "அவளுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். "நல்ல வேளை" என்று சொல்லிப் பஞ்சு எடுக்கப் போனாள். அவளுக்கும் மாடவீதியை விட்டுப் போக மனசில்லை.

மறுநாள் காலை அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் பையோடு பெண் நிற்கிறாள். நான் அவசரமாக வேஷ்டியை இழுத்து முழங்காலை மூடினேன்.

"மிஸ்ர சாபுவுக்குக் கட்டுப் போட்டாச்சா?" என்றாள்.

"எந்த மிஸ்ர சாபு?"

"அப்பா, அந்த வாட்ச் நீங்க எங்க இருக்கேள்னும் எனக்குக் காட்டும். பாண்டி பஜார் நடுரோட்டுல எந்த சபாப்பா இருக்கு?"

உள்ளே வந்து என் காலடியில் உட்கார்ந்து கட்டைப் பிரித்துப் பார்த்தாள். கோபமாக ஆரம்பித்தவளுக்குக் குரல் உடைந்துவிட்டது.

"ராத்திரியெல்லாம் பஸ்ல தூங்கலைப்பா. விழுந்தது போகட்டும், யாருக்கும் விழும். வலிக்கிறதுன்னு என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா மூட்டை கட்டிடுவியே" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அது கிடக்கட்டும். இத்தனை நாளா தாளம் போடறச்சே எல்லாம் இது குலுக்கித்தே, 'நன்னா இருக்கேன்'னு பட்டன் வந்துதே, ஒரு தடவைகூட ஏன் அமுக்கலை? கை மரத்துப் போயிடுத்தா? டாக்டர்கிட்ட காட்டணுமா?"

நான் விட்டத்தைப் பார்த்தேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவி சொன்னாள்: "அமுக்கினா நீ போன் பண்ண மாட்டியேடி."

என் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு கட்டைத் திரும்பப் போட ஆரம்பித்தாள்.

"அப்போ பெங்களூர்?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"வர வேண்டாம். இங்கேயே இருங்கோ. ஆனா விழுந்தா விழுந்தேன்னு சொல்லணும்." குரலைச் சரி செய்துகொண்டு கையை நீட்டினாள். "அந்த சனியனைக் கழட்டிக் குடுங்கோ. இனிமே தினம் சாயங்காலம் நானே போன் பண்றேன்."

நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"நீ பாட்டுக்கு தினம் பண்ணு. இதுவும் பாட்டுக்கு இருக்கட்டும்" என்றேன்.