அந்த அறையில் இருந்த இன்னொரு பிள்ளை

சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லும்படி போதகர் என்னை இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் முடியாது என்று சொல்லிவிட்டேன். வாய்க்குப் பஞ்சமில்லாதவள் நான், எங்கள் எஸ்டேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் "கர்த்தர் என் மகளைக் காப்பாற்றினார்" என்று சொல்ல வாயைத் திறந்தால், இன்னொரு தாயின் முகம் எதிரே வந்து நின்றுவிடுகிறது. அப்புறம் பேச்சு வருவதில்லை. அதனால் எழுதுகிறேன். விசுவாசிகளான நீங்கள் பொறுத்துக்கொண்டு கடைசிவரை வாசிக்க வேண்டும்.

என் பெயர் ரூபி. குன்னூருக்குக் கீழே ஒரு டீ எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். என் வீட்டுக்காரர் சாமுவேல் அதே எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டுகிறார். ஒரே மகள் ஷீபா. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவளுக்கு ஊட்டியில் காலேஜ் சீட் கிடைத்தது. எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீட்டில் பிறந்த பிள்ளை காலேஜ் போகிறாள் என்று அவள் அப்பா எஸ்டேட் முழுக்க லட்டு கொடுத்தார்.

தினமும் போய் வர முடியாது. எங்கள் பக்கம் பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. இருட்டினால் வழியில் காட்டெருமை நிற்கும். ஹாஸ்டலில் இடமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். டவுனுக்குள் ரூம் எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஊட்டி டவுனில் படிக்கிற பிள்ளைகளுக்கு ரூம் தேடியவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். மார்க்கெட்டைச் சுற்றி, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, சேரிங் கிராஸ் வரை ஏறி இறங்கினோம். சந்துக்குச் சந்து ரூம் இருக்கிறது. எல்லாம் டூரிஸ்டுக்கு. மாசம் முழுக்கப் பிள்ளைகளை வைத்து வாங்குகிற வாடகையை அவர்கள் சீசனில் சில நாளிலேயே வாங்கிவிடுவார்களாம். ஒருவர் எந்த ஊர் என்று கேட்டார். எஸ்டேட் லைன் என்றேன். முகம் சுருங்கிப்போயிற்று, ரூம் நேற்றே போய்விட்டது என்றார். ரூம் வாடகைக்கு என்று வெளியே போர்டு தொங்குகிறது. "அப்ப அந்தப் போர்டை முதல்ல கழட்டுங்க. எங்க கொழுந்துல போட்ட டீ மட்டும் தொண்டையில எறங்குதுல்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஷீபா வெட்கத்தில் முந்திப் போய்விட்டாள்.

மார்க்கெட் படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். ஆண்டவரே, இவ்வளவு பெரிய டவுனில் என் பிள்ளைக்கு ஒரு கதவு திறக்காதா என்று கேட்டேன். கண்ணைத் திறந்து நாலு கடை தாண்டவில்லை, வளையல் கடைக்கார அம்மா கூப்பிட்டு, தன் கடைக்கு மேலே ஒரு ரூம் இருக்கிறது, சமவெளிப் பெண் ஒருத்தி தனியாக இருக்கிறாள், கூட ஒரு பிள்ளை இருந்தால் நல்லது என்றார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல இருந்தது எனக்கு.

"ரெண்டு விசயமுங்க. ஹீட்டர் போடக்கூடாது, வயரு தாங்காது. ஏப்ரல்ல சீசன் தொடங்கறதுக்குள்ள காலி பண்ணிக் குடுத்தரோணும்" என்றார்.

தலையை ஆட்டினேன். டூரிஸ்டுக்கென்று கட்டின ரூம். டைல்ஸ் தரை, ஓட்டையில்லாத சீலிங், காற்றே புகாத கண்ணாடி ஜன்னல். எங்கள் வீட்டில் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழையும். என் பிள்ளை இனிக் குளிரில் நடுங்கமாட்டாள் என்று ஜன்னலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை இந்த ரூமுக்காகக் காணிக்கை போட்டேன்.

கூட இருந்த பெண் கோகிலா. கோபிச்செட்டிபாளையம் பக்கம். அப்பா இல்லை, அம்மா மஞ்சள் காட்டில் கூலி வேலை. வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு ஊட்டிக் குளிர் துளியும் ஆகவில்லை. ரெண்டு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, அதற்கு மேல் போர்வை. ஷீபா அவளை "மூட்டை" என்றுதான் கூப்பிடுவாள். கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ராத்திரிக்கு நாங்கள் இரும்புச் சட்டியில் கரி கனல வைப்போம். அதன் பக்கத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

"அம்மா, எங்க ரூமும் உங்க ஊடாட்டக் கதகதன்னு இருந்துச்சுன்னா நான் லீவுக்கு ஊருக்கே போகமாட்டேனுங்க" என்றாள். அவளுக்குத் தேங்காய்ச் சம்பலும் ரொட்டியும் கட்டிக் கொடுத்தனுப்பினேன். இப்போது அந்தச் சம்பலை அரைக்கக் கை வருவதில்லை.

பொங்கல் லீவு முடிந்த வாரம் உறைபனி கொட்டியது. கோகிலாவுக்குக் காய்ச்சல். போட்ட மாத்திரைக்கும் நடுக்கம் நிற்கவில்லை. ஷீபா மார்க்கெட்டில் சோளம் சுடுகிறவரிடம் கொஞ்சம் கரி வாங்கி, ஒரு பழைய சட்டியில் கனல வைத்து ரூமுக்குள் கொண்டுபோயிருக்கிறாள். பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்ததுதானே. கதவுக்கு அடியிலிருந்த இடைவெளியில் துணியைத் திணித்திருக்கிறாள். எங்கள் வீட்டில் சுவரெல்லாம் ஓட்டை, அந்த ரூமில் ஓட்டையே இல்லை என்பது அவளுக்கு எப்படித் தோன்றும்? எனக்கே தோன்றியிருக்காது.

தினமும் விடிகாலையில் கொழுந்துக்குப் போகும் முன் அவளுக்குப் போன் செய்வேன். பரமண்டல ஜெபத்தைச் சேர்ந்து சொல்லுவோம். பாதித் தூக்கத்தில் "ம், ம்" என்பாள், திட்டுவேன், அப்புறம் சொல்லுவாள். அன்றைக்கு எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். மறுபடியும்.

"தூங்கட்டும் விடு" என்றார் என் வீட்டுக்காரர்.

விட முடியவில்லை. ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. யாரோ என் கையைப் பிடித்து நிறுத்தின மாதிரி இருந்தது. ரூம் கொடுத்த வளையல் கடை அம்மாவுக்குப் போட்டேன். விடியட்டும், பார்க்கிறேன் என்றார். என் வாய் ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது என்றால் அது அன்றைக்குத்தான்.

"கதவைத் தட்டாம போனை வெச்சீங்கன்னா, அடுத்த பஸ்ஸுல வந்து உங்க கடை வாசல்ல உக்காந்துக்குவேன், பாத்துக்குங்க" என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே படியேறினார். தட்டினார். கூப்பிட்டார். பிறகு ஆட்கள் கதவை உடைக்கிற சத்தம் போனில் கேட்டது. அப்புறம் அந்த அம்மா அலறின சத்தம்.

எஸ்டேட் ஜீப்பில் ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுக்க ஒரே ஜெபம். "ஆண்டவரே, என் பிள்ளையை எனக்குத் திருப்பிக் கொடும். என் ஷீபாவைக் கொடும்." அந்த ரூமில் இன்னொரு பிள்ளை இருந்தது எனக்கு நினைவுக்கே வரவில்லை. என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளை. அவள் பெயர் என் வாயில் ஒரு தடவைகூட வரவில்லை.

ஷீபாவுக்கு மூச்சு இருந்தது. கோகிலா போய்விட்டிருந்தாள்.

கரி கனலும்போது வாசமே இல்லாத விஷக்காற்று வருமாம், அடைத்த ரூமில் அது ஆளைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடுமாம். டாக்டர் சொன்னார். ஷீபா கதவோரம் படுத்திருந்ததால் துணியைத் தாண்டி வந்த கொஞ்சம் காற்று அவளுக்குக் கிடைத்திருக்கிறது. இன்னும் சற்று நேரம் போயிருந்தால் அவளும் இல்லை என்றார். சட்டிக்குப் பக்கத்தில் இருந்த கதகதப்பான இடத்தைக் காய்ச்சல்காரிக்கு விட்டுக்கொடுத்திருக்கிறாள் என் மகள். நல்ல மனசோடு செய்த காரியம்.

மத்தியானம் கோகிலாவின் அம்மா வந்தார். பாப்பாத்தி அக்கா. ஒல்லியான உடம்பு, கையெல்லாம் மஞ்சள் கறை, மேலே ஸ்வெட்டர்கூட இல்லை. நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஆமாம், ஒளிந்துகொண்டேன். அந்த அம்மா அழுத அழுகையை எழுத என்னால் முடியாது.

ஷீபா கண் விழித்ததும் கேட்ட முதல் வார்த்தை, "கோகி எங்க?" உண்மையைச் சொன்னோம். அதோடு அவள் வாய் மூடிவிட்டது. வீட்டுக்கு வந்தும் சுவரைப் பார்த்துப் படுத்தாள். பேச்சில்லை, அழுகையில்லை, காலேஜ் இல்லை. ஊட்டினால் ஒரு வாய். சபையார் வந்து "ஸ்தோத்திரம், பிள்ளை பிழைத்ததே" என்பார்கள். பிழைத்ததா? மூச்சு மட்டும் இருக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு நான் ஆண்டவரோடு சண்டை போட்டேன். ஒரு பிள்ளையைக் கேட்டேன் என்பதற்காக ஒரு பிள்ளையைத்தான் கொடுப்பீரா என்று கேட்டேன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் முழுக்க ஜெபம் பண்ண உட்காருவேன், அழுவேன், எழுந்துவிடுவேன். ஒரு நாள்தான், "கோகிலாவின் அம்மாவைத் தாங்கும். அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க எனக்குப் பெலன் தாரும். என் பிள்ளையின் வாயைத் திறந்தருளும்" என்று சொல்ல முடிந்தது.

மார்ச் கடைசியில் வளையல் கடை அம்மா போன் செய்தார். போலீஸ் ரூமுக்குப் போட்டிருந்த பூட்டைத் திறந்துவிட்டார்கள், சீசன் வருகிறது, பிள்ளைகளின் சாமானை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். போனேன். உள்ளே பாப்பாத்தி அக்கா தரையில் உட்கார்ந்து கோகிலாவின் ஸ்வெட்டர்களை மடித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் அகலத் திறந்து கிடந்தது.

ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. அவரே நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க, புள்ள எப்படி இருக்குதுங்க?"

"பேசறதில்லக்கா. அன்னிக்கிருந்து ஒரு வார்த்தை பேசலை."

அப்படியே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஜீப்பில் நான் என்ன ஜெபித்தேன், யார் பெயரை விட்டேன் என்று. என்னைச் சபித்தால் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவர் ஸ்வெட்டர் கையைத் தடவி மடித்து வைத்தார்.

"நானும் பஸ்ஸுல வாரப்ப எம்புள்ள பேரைத்தானுங்க சொல்லிக்கிட்டு வந்தேன். பண்ணாரி அம்மனைக் கூப்புட்டேன், கோகிலாவைக் குடு, கோகிலாவைக் குடுன்னு. உங்க புள்ள பேரு எனக்கும் வாயில வரலீங்க. பெத்தவ வேற யாரு பேரைச் சொல்லுவா?" என்றார்.

இரண்டு பேரும் அழுதோம். அப்புறம் அவரே, "புள்ளைய ஒருக்கா பாத்துட்டுப் போறனுங்க" என்றார்.

எங்கள் லைன் வீட்டுக்கு வந்தார். ஷீபா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, கோகிலாவின் ஸ்வெட்டரை அவள் மேல் போர்த்தினார்.

"கண்ணு, அவளுக்குச் சின்னதுல இருந்தே குளுரு ஆகாது. போன்ல தெனமும் சொல்லுவா, ஷீபா என்னைக் குளுராம பாத்துக்கறாம்மான்னு. நீ பாத்துக்கிட்ட சாமி. எனக்குத் தெரியும்."

ஷீபா திரும்பினாள். "அம்மா" என்றாள். என்னை இல்லை, அவரை. அந்த மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள், மாதக்கணக்கில் அழாததெல்லாம் சேர்த்து. நான் அடுப்படியில் முழங்காலில் விழுந்தேன்.

விசுவாசிகளே, அன்றைக்குத்தான் ஆண்டவர் என் மகளை எனக்குத் திருப்பிக் கொடுத்தார். கொண்டுவந்து கொடுத்தது, மகளைப் பறிகொடுத்த ஒரு தாயின் கை. கோகிலா ஏன் போனாள் என்று ஆண்டவரைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்கிறவளை அவர் தள்ளிவிடவில்லை, அதுமட்டும் தெரியும்.

ஷீபா மறுபடி காலேஜ் போகிறாள். கரியோடு ரூமுக்குள் போகிற பிள்ளை யாரைப் பார்த்தாலும் வழிமறித்துச் சொல்லுகிறாள். காலையில் நான் இப்போது இரண்டு போன் செய்கிறேன். முதலில் அவளுக்கு, அடுத்தது பாப்பாத்தி அக்காவுக்கு. அவர் என் ஜெபத்தைச் சொல்லமாட்டார். "நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கிட்டு இருக்கறேன்" என்பார்.

உங்கள் பிள்ளைகளையும் எங்கேயோ ஒரு டவுனில், யார் வீட்டு மாடியிலோ விட்டிருப்பீர்கள். அவர்களுக்காக ஜெபியுங்கள், அவர் கேட்கிறார். ஆனால் அதே ரூமில் இருக்கிற மற்றப் பிள்ளையின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஷீபாவோடு இப்போது தங்கியிருக்கிற பிள்ளையின் பெயர் நஸ்ரின், பந்தலூர்ப் பெண். அவளுக்கும் குளிர் ஆகாதாம். அவளையும் உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.