ஸ்பீக்கரில் அழுதவர்

மாமா அம்மாவுக்குத் தம்பி. ஏரியில் படகு ஓட்டுவார். பறவை பார்க்க வருகிறவர்களை ஏற்றிப் போவார். பழவேற்காட்டு டச்சுக் கல்லறையைப் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா ஒருநாள் முழுக்க அவர் படகில் சுற்றினார். போகும்போது ஒரு மெமரி கார்டு கொடுத்துவிட்டுப் போனார். அதில் அவர்கள் ஊர்க் கூத்து இருந்தது.

கூத்து என்றது மாமாதான். கூட வந்த கைடு ஓபரா என்றாராம்.

"ஓப்ராவோ இன்னாவோ. ராஜா, ராணி எல்லாம் பாட்டுலயே பேசிக்குவாங்க. நம்ம கூத்துதான்."

முன்னூறு வருஷத்துக்கு முன்னால் கட்டியதாம். கொஞ்ச நாள் ஆடினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். பாட்டெழுதின காகிதம் ஏதோ கோயில் பரணில் கிடந்திருக்கிறது. இப்போதுதான் யாரோ எடுத்து, பழைய வாத்தியங்களைத் தேடிப் பிடித்து, பாடிப் பதிந்தார்கள். அந்த அம்மா அதில் வயலின் வாசித்தவராம்.

எங்கள் ஸ்பீக்கர் பெட்டியில் கார்டைப் போட்டுக் கேட்டோம். நைனா இரண்டு பாட்டுக்கு மேல் தாங்கவில்லை. "பல்லு வலிக்காரன் மாதிரி கத்தறான்" என்று எழுந்து போனார். அம்மாவுக்கு மட்டும் ஒரு இடம் பிடித்திருந்தது. ஒரு பெண் மெதுவாக அழுது பாடுகிற இடம். பாட்டுக்கு அடியில் தடித்த நரம்பு வாத்தியம் ஒன்று படி இறங்குவதுபோல் இறங்கும், மறுபடி மேலே போய் மறுபடி இறங்கும்.

"புருசன் கப்பல்ல போய்ட்டான். அதுக்கு அழுவுறா" என்றார் மாமா.

"முன்னூறு வருஷமா இவ அழுவறத கேக்க ஆளில்லையா?" என்றாள் அம்மா.

எங்கள் குப்பத்தில் ஒரு கட்டு உண்டு. போட் கடலில் இருக்கும்போது அந்த வீட்டுப் பெண் அழக் கூடாது. அழுதால் கடலுக்குக் கேட்டுவிடும் என்பார்கள். வெங்காயம் உரித்துக் கண் கலங்கினால்கூடப் பெரியம்மா திட்டுவாள்.

வாடை அடித்த ஒரு நாள் நைனாவும் பெரியப்பாவும் ஒரே போட்டில் கடலுக்குப் போனார்கள். காலையில் மற்ற போட்டெல்லாம் வந்துவிட்டன. அவர்களுடையது வரவில்லை. முகத்துவாரத்தில் மண் தூர்ந்து அலை உடைந்துகொண்டிருந்தது. அங்கே கவிழ்ந்து போனவர்கள் வீடு எங்கள் தெருவிலேயே இருந்தது. போன் போகவில்லை. இரண்டு போட் தேடப் போனது. மாமா படகு கடலுக்கு ஆகாது. அவர் முகத்துவாரத்துக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

அம்மா அரிசி களைந்தாள். களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போய் ஸ்பீக்கரைப் போட்டாள். அந்த இடத்தை வைத்தாள். சத்தத்தைக் கூட்டினாள். முடிந்ததும் மறுபடி அதையே வைத்தாள்.

போட் கடலில் இருக்கிறது. வீட்டில் ஒரு பெண் அழுகிறாள். எந்த ஊர்ப் பெண் என்று கடலுக்கு எப்படித் தெரியும்? ஸ்பீக்கரை நிறுத்தக் கை நீட்டினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. வலித்தது.

பெரியம்மா ஓடி வந்தாள். பின்னால் நாலைந்து பெண்கள். ஏதோ சேதி வந்துவிட்டது என்று நினைத்து வந்தவர்கள்.

"எவடி அழுவுறது?"

"யாரும் அழுவல. பாட்டு."

"பாட்டா இது? எலவு உழுந்த ஊட்லகூட இப்டி அழமாட்டாங்க. உன் புருசன் மட்டும் இல்லடி, என் புருசனும் அதுலதான் கீறாரு. நிறுத்து."

அம்மா நிறுத்தவில்லை. முழங்கால் வரை நனைந்து வந்து வாசலில் நின்ற மாமா சொன்னார்:

"அக்கா, அது பொம்பள இல்ல. ஆம்பள."

"இன்னாது?" என்றாள் பெரியம்மா.

"பாடறது ஆம்பள. பொம்பள வேஷம். நம்ம கூத்துல கட்டறதில்லியா, அதான். அந்தம்மாவே சொல்லிச்சு."

பெரியம்மா பெட்டியைக் குனிந்து பார்த்தாள். "ஆம்பளயா இப்டி அழுவுறான்?"

"ஆம்பள அழுதா தப்பில்லியே" என்றார் மாமா.

ஆண் அழுதால் கடல் என்ன செய்யும் என்று எங்கள் குப்பத்தில் யாரும் சொல்லி வைக்கவில்லை. அப்படி ஒரு நிலைமை வந்ததில்லை போலிருக்கிறது.

பெரியம்மா சுவரோரம் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். பாட்டு முடிந்தது.

"முட்ஞ்சிட்ச்சா?" என்றாள் பெரியம்மா. "திரும்ப வை."

நான் மாமாவை நம்பவில்லை. ஆம்பளைக்கு ஏது அந்தக் குரல்? ஒவ்வொருவர் கண்ணாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாம் காய்ந்துதான் இருந்தன.

வெயில் சாயும் நேரத்தில் போட்டைக் கட்டி இழுத்து வந்தார்கள். இஞ்சின் நின்றுபோய், காற்று தெற்கே தள்ளி, காட்டுப்பள்ளி துறைமுகத்து அலைதடுப்புக் கல்லுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டுக் கிடந்திருக்கிறார்கள். இருவருக்கும் உதடு வெடித்திருந்தது. வேறொன்றுமில்லை.

மாமா புளுகினார் என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். கார்டு இன்னும் இருக்கிறது. இப்போது பாட்டைக் கேட்கவிட்டால் போனே பேர் சொல்லிவிடுகிறது. போன மாசம் அப்படித் தேடிப் படமாகப் பார்த்தேன். தாடி வைத்த ஆள்தான். சேலை மாதிரி ஒன்றைப் போர்த்திக்கொண்டு நின்று அழுகிறார். கடைசியில் கப்பல் திரும்பி வருகிறது. எல்லோரும் சேர்ந்து பாடுகிறார்கள். அந்தக் கடைசி வரைக்கும் எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

அன்றைக்கு நைனா வந்ததும் அம்மா சோறு போட்டாள். அவர் சாப்பிட்டு முடித்ததும் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். சட்டி கழுவாமல் மணலில் கிடந்தது. அம்மா முழங்காலில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

நைனாதான் வந்துவிட்டாரே, இப்போது போய் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. மறுபடி ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, நைனாவைக் கூப்பிட ஓடினேன்.