ஒத்திகை அண்ணி

அலுவலகத்தில் அவளுக்கு ‘ஒத்திகை அண்ணி’ என்று பெயர். அண்ணி என்பது முதலாளியிடமிருந்து வந்தது. அவளுடைய கணவரின் கூடப்பிறந்த தம்பிதான் முதலாளி. அவர் அண்ணி என்று கூப்பிடப்போய், வாசல் காவலாளி வரைக்கும் எல்லாருக்கும் அவள் அண்ணியாகிப் போனாள். ஒத்திகை மட்டும் அவளே சம்பாதித்தது.

கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கிற கம்பெனி அது. இரண்டு ஊரில் இரண்டு அலுவலகம், நடுவில் ஆறு மணி நேர ரயில் பயணம். வரைபடங்கள் காலையில் கணினி வழியாக இங்கிருந்து அங்கே போகும். திருத்தி முடித்ததும் மாலையில் அங்கிருந்து இங்கே திரும்பும். இரண்டு கணினியிலும் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும். தட்டச்சு வேலைக்கென்று வந்தவள் அவள். இதற்கான கட்டளைகளை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானே தலையைப் பிய்த்துக்கொண்டு படித்தாள். நீல அட்டை நோட்டு ஒன்றில் எழுதி வைத்தாள். முதலில் எழுதுகிற இடம் கொடுக்கும், அடுத்து எழுதுகிற இடம் வாங்கும். நடுவே ‘டெலீட்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால், கொடுக்கிற இடத்தில் இல்லாத எதையும் வாங்குகிற இடத்திலிருந்து துடைத்தெடுத்துவிடும். பழைய வரைபடம் ஒன்று தங்கிப்போய், அதைப் பார்த்துக் கொத்தனார் தப்பான இடத்தில் சுவர் எழுப்பிவிடக் கூடாதே, அதற்காக அந்தச் சொல்.

அதன்மேல் அவளுக்குப் பயம். அதனால் எந்தக் கட்டளையானாலும் முதலில் ‘என்’ என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்துத்தான் தட்டுவாள். அது இருந்தால் கணினி எதையும் தொடாது. எது வரும், எது அழியும் என்று பட்டியல் மட்டும் போடும். அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதை வரி வரியாகப் படிப்பாள். அப்புறம்தான் அந்த எழுத்தை எடுத்துவிட்டு நிஜமாகத் தட்டுவாள். பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் தவறியதில்லை.

“அண்ணி, நீங்க ஒத்திகை முடிச்சு மேடை ஏறுறதுக்குள்ள கூட்டமே கலைஞ்சிடும்” என்பார் முதலாளி. எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரிக்காமல் என்ன செய்வது?

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அந்த ஊர் அலுவலகத்தில் வரைபடங்கள் இருந்த டிஸ்க் செத்துப்போனது. மெக்கானிக் அதைக் கழற்றிவிட்டுப் புதியது மாட்டிக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு அங்கே பெரிய வாடிக்கையாளர் வருகிறார். அதற்குள் அத்தனை வரைபடமும் இங்கிருந்து போய்ச் சேர வேண்டும். “இருபது நிமிஷம் மேடம், மாட்டிட்டுக் கூப்பிடுறேன்” என்றார் மெக்கானிக். அவளுக்கோ விடிந்ததிலிருந்து பல்வலி உயிரை வாங்கியது. இருபது நிமிஷம் இருக்கிறதே என்று வாசலில் அடையாள அட்டையைத் தேய்த்துவிட்டுக் கீழே மருந்துக்கடைக்குப் போனாள். திரையைப் பூட்டாமல் போனாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

முதலாளிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மேல்நோக்கும் அம்புக்குறியை அமுக்கினால் பழைய கட்டளைகள் ஒவ்வொன்றாக வரும் என்று எப்போதோ பார்த்து வைத்திருந்தார். பெரிய வித்தை! ‘என்’ இல்லாத ஒன்று வந்ததும் தட்டிவிட்டார். அது முந்தின நாள் மாலைக் கட்டளை. அங்கிருந்து இங்கே வாங்குவது. அங்கே புது டிஸ்க் இன்னும் ஏறவில்லை, வரைபடங்கள் இருந்த இடம் காலியாகத்தான் இருந்தது. காலியைப் பார்த்து இங்கேயும் காலியாக்கியது கணினி. பதினோரு வருஷத்து வரைபடம் நாலு நிமிஷத்தில் போயிற்று.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவள் மேலே வந்தபோது முதலாளி எழுந்து நின்றிருந்தார்.

“என்ன அண்ணி இது, ஒண்ணையும் காணோம்?”

அவள் திரையைப் படித்தாள். “யாரு தம்பி தட்டுனது?”

முதலாளி சுவரைப் பார்த்தார். “உங்க சீட்டு. உங்க பேர்லதான் திறந்திருக்கு.”

சாயங்காலம் கணவர் ஒரு கடிதத்தோடு வீட்டுக்கு வந்தார். அவரும் தம்பி கம்பெனியில்தான் கட்டட மேற்பார்வை. என் கவனக்குறைவால் கோப்புகள் அழிந்தன என்று அவள் சொல்வதாக அழகாக அச்சடித்திருந்தது.

“கையெழுத்து போட்டுடு.”

“நான் மருந்துக்கடையில இருந்தேங்க. வாசல்ல அட்டை தேய்ச்ச நேரம் இருக்கு, எடுத்துப் பாருங்க.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“அவனே சொல்லிட்டான். வாடிக்கையாளருக்கு யாராவது ஒருத்தரைக் காட்டணும்ல? அவன் பேர் கெட்டா கம்பெனியே போச்சு. உன் பேர் கெட்டா யாருக்கு என்ன?”

இருபத்திரண்டு வருஷம் கூடக் குடித்தனம் நடத்திய மனுஷன் பேசுகிற பேச்சா இது! அவளுக்குப் பல்வலி மரத்துப்போனது. கையெழுத்துப் போடவில்லை.

பீரோவில் துணிகளுக்கு அடியில் சின்ன டிஸ்க் ஒன்று இருந்தது. சனிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் அதில் ஒரு பிரதி எடுத்து வைப்பாள், டெலீட் என்ற சொல் இல்லாமல். யாரும் செய்யச் சொல்லவில்லை, அவளும் யாரிடமும் சொன்னதில்லை. மறுநாள் காலை அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்க் கணினியில் சொருகினாள். திரையில் வரைபடங்களின் பெயர்கள் மளமளவென்று ஓடின. முதலாளி ஓடி வந்தார். பின்னாலேயே கணவரும், மொத்த அலுவலகமும்.

“அண்ணி! வந்துடுச்சா?”

“இல்ல தம்பி. இது ஒத்திகை. நிஜமா வரணும்னா, நேத்து தட்டுனது யாருன்னு இவங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க.”

“ஏய், என்ன பேசுற நீ?” என்று கணவர் பல்லைக் கடித்தார்.

முதலாளி கையைத் தட்டிச் சிரித்தார். “எல்லாரும் கேட்டுக்கோங்கப்பா! நேத்து தட்டுனது நான்தான், நானேதான்! போதுமா அண்ணி?” விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றே எல்லாரும் கூடச் சிரித்தார்கள். கணவர் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அவள் அந்த எழுத்தை எடுத்துவிட்டுத் தட்டினாள். திங்கட்கிழமை வேலை தவிர எல்லாம் வந்து சேர்ந்தது.

அடுத்த வாரம் அவளுடைய கடவுச்சொல் வேலை செய்யவில்லை. “கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க அண்ணி, பாவம், உங்களுக்கும் வயசாகுதுல்ல” என்றார் முதலாளி. அந்த அம்மாவை வேலையை விட்டு எடுத்தாயிற்று என்று வாடிக்கையாளரிடம் சொல்லியாகிவிட்டதாம். கையெழுத்தில்லாமலே கடிதம் வேலை செய்துவிட்டது. டிஸ்க்கைக் கம்பெனி சொத்து என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். நோட்டை மட்டும் அவள் கைப்பையில் போட்டு வந்துவிட்டாள்.

ஒரு மாதம் போயிருக்கும். காலையில் சாப்பாட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டு செருப்பை மாட்டிய கணவர், வாசலிலேயே நின்றார்.

“தம்பி கேக்கச் சொன்னான். அந்த ஒத்திகை எழுத்தை எங்க சேர்க்கணுமாம்? புதுசா வந்தவனுக்குத் தெரியல, பயப்படுறான்.”

தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன என்று அவளுக்கு நிஜமாகவே தோன்றியது. ஒரு எழுத்துதான், சும்மா விட்டுவிட்டால் போதும். நல்லா அனுபவிக்கட்டும் என்று மனசு கறுவியது. ஆனால் பேனாவை எடுத்த கை சரியாகத்தான் எழுதியது. அந்த எழுத்துக்கு அடியில் இரண்டு கோடும் போட்டது. தாளைக் கிழித்து நீட்டினாள்.

கணவர் அதைப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து தன் பேனாவை எடுத்தார். “இரு, நான் வேற தாள்ல எழுதிக்கிறேன். உன் கையெழுத்துல இருந்தா அவனுக்கு ஒரு மாதிரியா இருக்கும்.”