வெயில் தேடிக் காபிக் கடை காபிக் கடையாக

பட்டுப்புடவை விற்கிறவனுக்கு வாய் சாமர்த்தியம் இரண்டாம்பட்சம். முதலில் வேண்டியது நல்ல வெயில் விழுகிற ஒரு வாசல்.

கவுண்டரில் நின்று நின்று கால் வீங்கிய சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா? காஞ்சிபுரத்தில் எந்தக் கடையில் எந்தப் புடவையைப் பிரித்தாலும், வாங்க வந்த அம்மா கடைசியில் "இந்த லைட்டு வோணாம்பா, வெளிய எடுத்தாந்து காட்டு" என்றுதான் சொல்லும். நாமும் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடுவோம். வெயில் சொல்வதுதான் தீர்ப்பு. தாமலிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து காந்தி ரோட்டுக் கடையில் பாதி ஆயுசாக இந்த ஓட்டத்தைத்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிப்பட்டவனைப் பிடித்து, போன மார்கழியில், சூரியனே இல்லாத லண்டனுக்கு அனுப்பினார் முதலாளி. அங்கே ஒரு ஹாலில் புடவைக் கண்காட்சி. முதலாளிக்கு முட்டி ஆபரேஷன் ஆனதால் நான் போனேன். கூடவே ஒரு முக்கியமான வேலை. அங்கேயே பிறந்து வளர்ந்த அபி என்ற பெண்ணுக்குப் பங்குனியில் கல்யாணம். அவளுடைய முகூர்த்தப் புடவையைக் கடை வாசலில் நின்று வீடியோ காலில் காட்டிப் பேசி முடித்ததே நான்தான். நெடுக்கே ரோஸ் நூல், குறுக்கே ஆரஞ்சு நூல். நேரே பார்த்தால் ரோஸ், மடிப்பில் ஆரஞ்சு. "இதுதான் அங்கிள், இதேதான்!" என்று அவள் போட்ட கூச்சல் பக்கத்துப் பாத்திரக்கடை வரைக்கும் கேட்டது.

கிளம்புகிற அன்று முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "புடிச்சிருக்குன்னு அந்தப் பொண்ணு வாயால கேட்டுக்கினு வா. புடவை திரும்பி வந்துச்சு, நீ திரும்பி வராத."

எந்தப் பால்?

அபியின் அம்மா கோமதியம்மா நம்ம ஏனாத்தூர்க்காரர். கல்யாணமாகி அங்கே போய் எத்தனையோ காலமாச்சு, ஆனால் பேச்சு மட்டும் பஸ் ஸ்டாண்டு பேச்சாகவே இருந்தது. கண்காட்சிக் கூட்டத்தில் முகூர்த்தப் புடவையைப் பிரித்தால் கண் பட்டுவிடுமாம். வீட்டில் பெயிண்ட் வேலையாம். "காபி ஷாப்புக்கு வந்துடுங்கண்ணா" என்றார். அங்கேயும் கூட்டம் இருக்குமே என்றால், வெள்ளைக்காரர்கள் கண் அவ்வளவாகப் படாது என்று ஒரு விளக்கம்.

போனேன்; அம்மாவும் பெண்ணும் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு காபி கேட்டேன். கல்லாவில் இருந்த பெண் எந்தப் பால் என்றாள். ஓட்ஸ் பாலாம், பாதாம் பாலாம், சோயா பாலாம், தேங்காய்ப் பாலாம். தேங்காய்ப் பால் ஆப்பத்துக்கு ஆச்சே தாயி, எனக்கு மாட்டுப் பால் போதும் என்று கும்பிட்டேன். சொம்பு அளவு கப்பில், நாக்கு வெந்துபோகிற சூட்டில் வந்தது. இன்னொரு காலிக் கப்பு வாங்கி, நம்ம வழக்கப்படி முழ நீளத்துக்கு ஆற்ற ஆரம்பித்தேன். கடையே எழுந்து நின்று பார்த்தது. ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை, அதைப் பாராட்ட ஒருத்தரும் இல்லை.

கோமதியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்: "அண்ணா, மெதுவா ஆத்துங்க. ஆவியப் பாத்துட்டு ஃபயர் அலாரம் அடிச்சிடப் போவுது."

காபி வந்தால் புடவை மடியணும்

வாடிக்கையாளருக்குக் காபி வாங்கிக் கொடுப்பது நம்ம ஊர்க் கடைகளில் மரியாதை. ஆனால் காபித் தட்டு உள்ளே வரும்போது பிரித்த புடவையெல்லாம் மடித்து ஓரமாகப் போய்விடணும். எங்கள் முதலாளியின் கடைச் சட்டம் அது. லண்டனில் இந்தச் சட்டம் என்னை நன்றாக மாட்டிவிட்டது. காபி வாங்காமல் மேஜை கிடைக்காது, மேஜையில் காபி இருந்தால் புடவையைப் பிரிக்க முடியாது. அந்த ஊர்க்காரர்களோ காபியைக் குடிப்பதில்லை, எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அபி தன் காபியை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். கோமதியம்மா மண்டபக் கதையை ஆரம்பித்திருந்தார்: வீட்டுக்காரர் கல்யாணத்தைக் காஞ்சிபுரத்தில் வைக்கலாம் என்கிறாராம், இவர் இங்கேயே ஒரு ஹால் பார்த்து வைத்திருக்கிறாராம், இன்னும் பணம் கட்டவில்லையாம்.

எனக்குப் பொறுமை போச்சு. என் காபியை ஒரே மடக்கில் முடித்தேன். வாய் வைக்காமல் கிடந்த அவர்கள் கப்புகளையும் "இப்டி குடுங்கம்மா" என்று வாங்கிக் குடித்து, மேஜையைத் துடைத்து, புடவையை எடுத்தேன். எடுத்த கை சும்மா இருக்குமா? கடையில் புடவை விரிக்கிற மெத்தைமேல் வீசுகிற மாதிரியே முந்தியைப் பிடித்து ஒரு வீசு வீசினேன். அது போய்ப் பக்கத்து மேஜைப் பெரியவரின் லேப்டாப்பை மூடி, அவர் மடியிலும் விழுந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் அசையவில்லை. ஜரிகையைத் தடவிப் பார்த்துவிட்டு என்னவோ சொன்னார்.

அபி சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னாள்: "என் மேஜைக்கு யாரும் இவ்ளோ நல்ல துணி போட்டதில்ல, கண்டிப்பா எடுக்கணுமான்னு கேக்குறாரு அங்கிள்."

செங்கல்

அந்தச் சிரிப்பு அதோடு சரி. மேஜைக்கு நேர் மேலே குண்டாக ஒரு மஞ்சள் பல்பு தொங்கியது. அபி புடவையை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். முகம் சுருங்கிப்போச்சு. "அங்கிள், நான் பாத்தது இது இல்ல. இது செங்கல் கலர்" என்றாள். நானும் குனிந்து பார்த்தேன். செங்கல்லேதான்!

லைட்டு அப்படிம்மா, வெளியே வா காட்டுறேன் என்று வாசலுக்கு ஓடினேன். வெளியே பிசுபிசுவென்று தூறல். பட்டில் ஒரு பொட்டுத் தண்ணீர் பட்டால் கறை நின்றுவிடும். ஓடின வேகத்திலேயே திரும்பி வந்து பெட்டியில் வைத்தேன். ஊருக்குக் கிளம்புவதற்குள் வெயிலில் காட்டுகிறேன், அதுவரைக்கும் வேறு புடவை பார்க்காதே என்று அபியிடம் கெஞ்சி வாங்கின வாக்குதான் மிச்சம். ஏமாற்றிவிட்டான் என்று அந்தப் பெண் நினைத்துவிடுமோ என்பதுதான் முதலாளியின் திட்டைவிட எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

கடைக்குப் போன் போட்டு என்னோடு வேலை பார்க்கிற குமரேசனிடம் புலம்பினேன். அந்தப் படுபாவி சொன்னான்: "இங்க மார்கழியிலயே மண்டைய பொளக்குதுண்ணே. ரெண்டு கிலோ வெயிலு கட்டி பார்சல்ல போட்டு வுடட்டா?"

ஜன்னல் வேட்டை

மறுநாளிலிருந்து காலையில் கண்காட்சி திறப்பதற்கு முன்னால் காபிக் கடை காபிக் கடையாக ஏறி இறங்கினேன். கலர் பார்ப்பதற்காக அதே நூலில் நெய்த கையகலத் துண்டு ஒன்று என் பையில் இருந்தது. கடைக்குள் போக வேண்டியது, ஒரு காபி வாங்க வேண்டியது, துண்டை ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்க்க வேண்டியது. ஒரு கடையில் எதிரே உயரக் கட்டிடம். இன்னொன்றில் கண்ணாடியே கறுப்பு. எல்லாவற்றிலும் காபி மட்டும் தாராளம். குடித்துக் குடித்து வயிறு எரிந்தது, கை உதறல் எடுத்தது. வெயிலைக் காணோம்.

கடைசியாக ஒரு முக்குக் கடை. கிழக்கே பார்த்த பெரிய கண்ணாடி. துண்டை அதில் வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். காபி போடுகிற மார்த்தா என்ற போலந்துக்காரப் பெண், கண்ணாடி அழுக்கென்று துடைக்கிறேன் போலிருக்கிறது என்று நினைத்து, ஒரு ஸ்பிரே பாட்டிலும் துடைக்கிற துணியும் கொண்டுவந்து மன்னிப்புக் கேட்டாள். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷிலும் முழுசாகக் கையாலும், கல்யாணம், புடவை, செங்கல் எல்லாம் சொல்லி முடித்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஓர மேஜையைத் தட்டிக் காட்டி அவள் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்: "வெயில் எங்களுக்கு விருந்தாளி. வரேன்னு சொல்லும், வராது. வந்தா முதல்ல இந்த மேஜைக்குத்தான் வரும்."

மடிக்க ஒரு ஆள்

ஊருக்குக் கிளம்ப ஒரு நாள்தான் பாக்கி. அன்று காலை அபியையும் கோமதியம்மாவையும் அந்தக் கடைக்கு வரவழைத்தேன். மார்த்தா மேஜைமேல் 'ரிசர்வ்டு' பலகை வைத்திருந்தாள். காபி வந்தது, இந்தத் தடவை அவரவர் காபியை அவரவரே குடித்தார்கள். புடவையைப் பிரித்துக் காத்திருந்தோம். வானம் கழுவாத சாம்பல் தட்டு மாதிரியே இருந்தது.

அபி என் கையைத் தொட்டாள். "பரவால்ல அங்கிள். நான் இங்கயே வேற எடுத்துக்குறேன்."

"நான் ஏமாத்தலம்மா. அதே புடவைதாம்மா இது."

"உங்கள நம்புறேன் அங்கிள். என் கண்ணுதான் நம்ப மாட்டேங்குது."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இப்படி நல்ல மாதிரி சொன்னதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மடித்து வைக்க எழுந்தேன். பட்டுப்புடவையைத் தனி ஆளாக மடிக்க முடியாது, நம்ம ஆளுங்களுக்குத் தெரியும். ஒரு முனையை அபியிடம் கொடுத்து, இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். அவள் பின்பக்கமாகவே நடந்து ஜன்னலோரம் போய் நின்றாள். புடவை முழு நீளத்துக்கும் விறைப்பாக நின்ற அந்த நேரம் பார்த்து, எந்த மேகம் எங்கே விலகியதோ, கண்ணாடி வழியாகப் பளீரென்று வெயில் விழுந்தது. ரோஸ் எழுந்தது, மடிப்பில் ஆரஞ்சு எழுந்தது. மார்த்தா மெஷினை நிறுத்திவிட்டாள். "இதுதான் அங்கிள், இதேதான்!" என்று அதே பழைய கூச்சல், அதே குரலில்.

அதற்குள் வெயில் போய்விட்டது. கோமதியம்மா மெல்ல வாயைத் திறந்தார். "எல்லாம் சரிடி. நான் பாத்து வச்சிருக்கிற ஹால்ல ஜன்னலே கெடையாதே. அங்கயும் இதே மஞ்ச லைட்டுதான்டி." அபி புடவையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள்.

பிறகு முந்தியைக் கொண்டுவந்து என் கையிலேயே கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப ஹால மாத்தும்மா. அப்பா சொன்னா மாதிரி காஞ்சிபுரத்துலயே வச்சிக்கலாம். அங்கிள், இத பத்திரமா ஊருக்கு எடுத்துனு போயிடுங்க, வந்து கட்டிக்கிறேன்."

ஆக, சகாக்களே, ஒப்படைக்கப் போன புடவையை அதே பெட்டியில் திரும்பக் கொண்டுவந்து, முதலாளி அதையும் என்னையும் மாறி மாறி முறைக்க முறைக்க நின்று, இப்போது பங்குனி முகூர்த்தத்துக்கு வெயில் விழுகிற மண்டபம் தேடித் திருப்புட்குழி வரைக்கும் அலைந்துகொண்டிருக்கிற சேல்ஸ்மேன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.